மறந்துட்டேன் என்று சொன்னது நான்தான்

எங்கள் வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு கிழவிகளுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. ஒருத்தி என் அக்கா, இன்னொருத்தி நான். ஒருத்திக்கு வந்திருந்தது மறதிநோய். டிமென்ஷியா என்கிறார்களே, அது. இன்னொருத்திக்கு மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன். எங்கள் பிள்ளைகள் போனிலேயே கூடிப் பேசி ஆளை மாற்றிப் போட்டுவிட்டார்கள். எனக்கு மறதிநோய், அக்கா கல்லுக்குண்டு, அவள்தான் என்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்று முடிவாயிற்று. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் அப்படி நினைக்கும்படி நடந்துகொண்டவள் நான். இதை அக்காவின் பிள்ளைகளிடம்கூட இதுவரை முழுசாகச் சொன்னதில்லை.

நான் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். டிரங்க் கால் காலத்து ஆள். தலையில் ஹெட்செட், எதிரே போர்டு, கையில் பிளக். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று காலில் தினுசு தினுசாக உண்டு. இன்ன ஆள் வந்தால்தான் பேசுவேன் என்பவர்களுக்கு பி.பி. கால். எஸ்.டி.டி. வந்த பிறகு ஊர் கோடெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். புதுக்கோட்டை 04322, காரைக்குடி 04565, கும்பகோணம் 0435. டைரக்டரியைப் புரட்டும் நேரத்தில் நான் நம்பரைச் சொல்லிவிடுவேன். 2000-இல் டெலிகாம் இலாகா பி.எஸ்.என்.எல். ஆனது, அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்துவிட்டுத்தான் ரிடையர் ஆனேன். ஞாபகசக்திக்காகப் பெயர் வாங்கியவளுக்கு ஞாபகம் போகிறது என்றால் ஊரே கவனிக்கத்தானே செய்யும்? என் மறதி எல்லோர் கண்ணிலும் பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் வீட்டுக்காரர் சர்க்கரை முற்றி, கிட்னி கெட்டு, வெகுநாள் படுக்கையில் கிடந்து போனார். காரியமெல்லாம் முடிந்து, மகள் சென்னைக்கும் மகன் பெங்களூருக்கும் கிளம்பும்போது, நான் தனியாக இருக்கக்கூடாது என்று அக்கா உறையூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவளும் கணவரை இழந்தவள்தான். சிரித்த முகம், ஓயாத பேச்சு.

நான் அழவில்லை. “தைரியசாலி” என்று உறவினர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். துக்கம் என்றால் அழுகையாகத்தான் வரும் என்று எல்லோரும் நினைக்கிறோம். எனக்கு அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. பேத்தி முதல் பரிசு வாங்கினாள் என்று போன் வந்தது. “நல்லது” என்றேன். நல்லது என்று தெரிந்தது, சந்தோஷம்தான் வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதன் பிறகு பொழுது விடிவதற்குள் ஒரு யுகம். காலை நேரம்தான் மோசம். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு கொஞ்சம் தேவலையாக இருக்கும். பசி போயிற்று. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆயிற்று. தலை கனக்கிறது, வயிறு உப்புசம், முழங்கால் வலி என்று பக்கத்துத் தெரு டாக்டரிடம் போவேன். அவர் காஸ் மாத்திரை எழுதிக் கொடுப்பார். வயதானவர்களுக்கு மனச்சோர்வு பாதி நேரம் உடம்பு வழியாகத்தான் பேசும் என்பது எனக்கும் தெரியாது, அவரும் கேட்கவில்லை.

ஞாபகமும் நிஜமாகவே தடுமாறியது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாமே நான் போட்ட வேஷமில்லை. பேப்பரில் ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி போய்விடும். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியும். மளிகைக் கணக்கைக் கூட்டினால் ஒவ்வொரு தடவையும் வேறு தொகை வரும். கவனம் ஓரிடத்தில் நிற்காதபோது எதுவும் மனசில் பதிவதில்லை, பதியாதது நினைவுக்கும் வராது.

அந்த வருஷம் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கவில்லை. பென்ஷன் வாங்குகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: தீபாவளியை மறந்தாலும் மறப்போம், அதை மறக்க மாட்டோம். பென்ஷன் நின்றது. மகள் போனில் கேட்டாள்:

“சர்டிபிகேட் குடுக்கலையாம்மா?”

“மறந்துட்டேன்.”

மறக்கவில்லை. காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். தினமும் அந்த வட்டத்தைப் பார்த்தேன். பேங்க் கூப்பிடு தூரம்தான். ஆனால் எழுந்து, தலை வாரி, புடவை மாற்றி, செருப்பை மாட்டி, வாசல் தாண்ட வேண்டும் என்று நினைத்தாலே மலைப்பாக இருந்தது. “போகத் தோணலை” என்று சொன்னால் “ஏம்மா?” என்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. “மறந்துட்டேன்” என்றதும் அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் பேச்சில்லை. பிறகு, “சரிம்மா, நான் பாத்துக்கறேன்” என்றாள். அதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது.

அந்தச் சௌகரியத்தை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். பிறகு எல்லாவற்றுக்கும் அதுவே பதிலாயிற்று. நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லையா? தேதி மறந்துவிட்டது. போன் பண்ணினேனே, திருப்பிப் பேசவில்லையே? மறந்துவிட்டது. குளித்தாயா? ஞாபகமில்லை. மனசு சரியில்லை என்று ஒரு கிழவி சொன்னால், “பேரன் பேத்தி எடுத்தாச்சு, பென்ஷன் வருது, இன்னும் என்ன குறை?” என்று கேட்பார்கள். மறதி என்றால் குறுக்குக் கேள்வி கிடையாது. வயசாகிறது என்று விட்டுவிடுவார்கள். தவிர, மனநல டாக்டர் என்றாலே கீழ்ப்பாக்கத்தை நினைத்துக்கொள்ளும் தலைமுறை நாங்கள். 1794-இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனை எத்தனையோ ஆயிரம் பேரைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. எங்கள் வாயில் அது வசவாகத்தான் புழங்கியது. டிமென்ஷியா என்றால் பரிதாபம், டிப்ரஷன் என்றால் அவமானம். நான் பரிதாபத்தைத் தேர்ந்துகொண்டேன்.

அதே வீட்டில், அதே மாதங்களில், நிஜமாகவே மறந்துகொண்டிருந்த என் அக்கா ஒரு நாளும் “மறந்துட்டேன்” என்று சொன்னதில்லை.

ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்திருக்கும். கேட்டால், “அளவாத்தாண்டி போட்டேன், உன் நாக்குதான் செத்துப் போச்சு” என்பாள். நான்தானே நோயாளி? எல்லோரும் அவளை நம்பினார்கள். மணிபர்ஸைக் காணவில்லை, வேலைக்காரி எடுத்துவிட்டாள் என்று ரகளை பண்ணினாள். அது அரிசி டப்பாவுக்குள் கிடந்தது; “அவதான் பயந்து போய் அங்க வெச்சிருக்கா” என்றாள். “பால்காரன் வந்தானா?” என்று கேட்பாள். வந்தான் என்றால் தலையாட்டுவாள். காபி குடித்து முடிப்பதற்குள் மறுபடி, “பால்காரன் வந்தானா?” அதே குரல், அதே அக்கறை, முதல் தடவை கேட்பதைப் போலவே.

அவள் பிள்ளைகள் தினமும் போன் பண்ணுவார்கள்.

“என்னம்மா சமையல்?”

“வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். சித்தி ரெண்டு வாய்தான் சாப்ட்டா.”

அன்றைக்கு வத்தக்குழம்பே வைக்கவில்லை. ஆனால் பேச்சில் ஒரு தடங்கல் இருக்காது. ஆயுசு முழுக்கப் போன் குரல்களைக் கேட்டுப் பிழைத்தவள் சொல்கிறேன்: பத்து நிமிஷப் போன் பேச்சில் மறதிநோயைக் கண்டுபிடிக்கவே முடியாது. விசாரிப்பு, ஆசீர்வாதம், சிரிப்பு, இவையெல்லாம் பழகின பாதை. அதில் வெகுநாள் நடக்கலாம். வெளியூர்ப் பிள்ளைகள் ஏமாறும் இடம் இதுதான்.

எனக்குச் சாயங்காலம் தேவலை என்றேனே, அவளுக்கு அப்போதுதான் தொல்லை தொடங்கும். இருட்டிக்கொண்டு வரும்போது பையை எடுத்து மாட்டிக்கொள்வாள். “நேரமாச்சுடி, வீட்டுக்குக் கிளம்பறேன், அம்மா தேடுவா” என்பாள். அம்மா போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு வெள்ளிக்கிழமை வெக்காளியம்மன் கோயிலுக்குப் போனவள் திரும்பவில்லை. கூரையில்லாமல் வெட்டவெளியில் அமர்ந்திருக்கும் அந்த அம்மனை நாங்கள் பாவாடை கட்டிய காலத்திலிருந்து கும்பிட்டு வருகிறோம். கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு வந்து சேரும் வழி. ராத்திரி ஒரு ஆட்டோக்காரர் அவளைப் புத்தூர் நால்ரோட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து விட்டார். “ரோட்டையெல்லாம் மாத்தி வெச்சிருக்கான்” என்றாள். “கூட்டத்துல குழம்பியிருப்பாங்க சித்தி” என்றான் அவள் மகன். நானும் சரி என்று போனை வைத்தேன். அப்போது எனக்கு எதையும் மறுத்துப் பேசத் தெம்பில்லை.

என் மகள் என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் பெரும்பாலும் அவளிடமே பேசினார். என்னிடம் தேதி கேட்டார், பிரதமர் யார் என்று கேட்டார். “தெரியலை” என்றேன். அடுத்த கேள்விக்குத் தாவினார். அதற்கும் “தெரியலை.” ஸ்கேனில் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்றார்கள், என் வயதில் அது யாருக்கும் இருக்கக்கூடியது. ஞாபக மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது குமட்டியது, சாப்பாடு இன்னும் குறைந்தது. வெளியே வரும்போது மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ உள்ளே ஒரு நிம்மதி. இனி யாரும் எதையும் எதிர்பார்க்க மாட்டார்கள் என்ற நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மகளுக்கு அந்தச் சீட்டில் திருப்தி இல்லை. முதியோரைப் பார்க்கும் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். அக்காவைத் தனியாக விட முடியாமல் அவளையும் அழைத்துப் போனோம். சின்ன வயசுப் பெண் டாக்டர். முதலில் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “எப்பலேருந்து?”

“அப்பா போனதுக்கு அப்புறம் வந்த தீபாவளிலேருந்துதான் டாக்டர். அதுக்கு முன்னாடி அப்பாவோட மருந்து, இன்சுலின், எல்லாக் கணக்கும் அம்மாதான்.”

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். மனச்சோர்வால் வரும் மறதிக்குப் பெரும்பாலும் இப்படி ஒரு நாள் நட்சத்திரம் சொல்லிவிடலாம்; சில வாரங்களில், மாதங்களில் கிடுகிடுவென்று இறங்கும். மறதிநோய்க்கு அப்படிச் சொல்ல வராது. யோசிக்க யோசிக்க, “போன வருஷமே இருந்துதோ? இல்ல, அதுக்கும் முன்னாடியோ?” என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கும்.

என்னிடம் தேதி கேட்டார். “தெரியலை.” அவர் அடுத்ததுக்குப் போகவில்லை. “அவசரமில்லம்மா, யோசிச்சு சொல்லுங்க” என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த அமைதி எனக்கே பொறுக்கவில்லை. தேதி, கிழமை, மாசம் எல்லாம் சொன்னேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்று விசாரித்து, காரைக்குடி கோடு கேட்டார். சொன்னேன். மகள் முகம் மலர்ந்தது. டாக்டர் அவளைப் பார்த்து, “இத வெச்சு முடிவு பண்ண முடியாதும்மா. மறதிநோய்லயும் பழசு ரொம்ப நாள் தங்கும்” என்றார். பிறகு மாம்பழம், பூட்டு, ஆறு என்று மூன்று வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். வேறு பேச்சுப் பேசிவிட்டுக் கொஞ்சம் கழித்துக் கேட்டார்.

“ஞாபகமில்லை.”

“ஒண்ணு பழம்.”

“மாம்பழம்.”

“ஒண்ணு கதவுல தொங்கும்.”

“பூட்டு. இன்னொண்ணு ஆறு.”

இதற்குள் அவர் கண் அக்கா மேல் போயிருந்தது. என்னைக் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவள் உற்சாகமாக நடுவில் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் அவளை நேராக ஏதாவது கேட்டால், பதிலுக்கு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். “சும்மா நீங்களும் சொல்லுங்கம்மா” என்றார் டாக்டர். அதே மாதிரி மூன்று வார்த்தைகள். அக்கா அழகாகத் திருப்பிச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால், “வார்த்தையா? நீங்க ஒண்ணும் சொல்லலையே!”

“ஒண்ணு பழம்.”

“வாழைப்பழம். எங்க கொல்லைல பூவன் காய்க்கும் பாருங்க...” என்று தொடங்கிவிட்டாள். அவளுக்குச் சொன்னதும் மாம்பழம்தான்.

இரண்டு பேரிடமும் காகிதம் கொடுத்து, ஒரு கடிகாரம் வரைந்து, பதினொன்று பத்து காட்டச் சொன்னார். நான் வெகுநேரம் எடுத்துக்கொண்டு, சின்னதாக, வெளிறிய கோட்டில் வரைந்தேன். முள் சரியாக இருந்தது. அக்கா பெரிய வட்டமாகப் போட்டாள். பன்னிரண்டு எண்ணும் வலது பக்கமே நெருக்கியடித்து நின்றன, இடது பாதி காலி. ஒரு முள் பதினொன்றுக்கும் ஒரு முள் பத்துக்கும் போயிற்று. நிமிர்ந்து, பள்ளிக்கூடப் பெண் போலச் சிரித்தாள்.

என் தொழில் பாஷையில் சொன்னால், எனக்கு லைன் நன்றாக இருந்தது, எடுத்துப் பேச ஆளில்லை. மறுபடி மறுபடி மணியடித்தால் எடுத்தேன். அவளுக்குக் கேபிளே அறுந்துகொண்டிருந்தது.

பிறகு டாக்டர் மற்ற இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் பதினைந்து கேள்விகள் கேட்டார். ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும். முதியவர்களின் மனச்சோர்வை அளப்பதற்கென்றே யெசவேஜ் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1980-களின் தொடக்கத்தில் முப்பது கேள்விகளாக அமைத்தார்கள். 1986-இல் அது பதினைந்தாகச் சுருங்கியது. அதில் தூக்கம், பசி, வலி பற்றி ஒன்றும் கேட்பதில்லை. அவையெல்லாம் வயதாலேயே மாறக்கூடியவை. வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா, செய்துவந்த காரியங்களையெல்லாம் விட்டுவிட்டீர்களா, உங்களால் யாருக்கும் பயனில்லை என்று தோன்றுகிறதா, இப்படித்தான் போகும். ஐந்துக்கு மேல் போனாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும். நான் ஐந்தை எப்போதோ தாண்டியிருந்தேன்.

“செத்துப் போயிட்டா தேவலைன்னு தோணுதாம்மா?” என்று நேராகவே கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் போவதற்கு முந்தின மாதம், சர்க்கரை போட்ட காபி ஒரு வாய் கேட்டதையும் நான் மறுத்ததையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவருக்கு எழுதியிருந்த தூக்க மாத்திரையை நான் விழுங்கிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். காலையில் விழிக்காமல் போனால் நல்லது என்று தினமும் நினைத்துக்கொண்டே படுப்பதையும் சொன்னேன். கடைசியில், லைஃப் சர்டிபிகேட்டை மறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை. மகளைக் கூப்பிட்டு, வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் அவள் பொறுப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்தத் தூக்க மாத்திரையே ஞாபகத்தைக் கெடுக்கும், ஆனால் சட்டென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார்.

எங்கள் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும், சோடியம் இறங்கினாலும் ஆள் மந்தமாகி ஞாபகம் தப்பும். கீழே விழுந்து தலையில் அடிபட்ட முதியவருக்கு உள்ளே ரத்தம் மெல்லக் கசிந்து கட்டினாலும் அப்படித்தான். சரிசெய்யக்கூடிய இவற்றையெல்லாம் முதலில் விலக்கிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டுமாம்.

பிற்பாடு, உடம்பு தேறிய பிறகு, இதைப் பற்றி நிறையப் படித்தேன். மனச்சோர்வு முதியவர்களிடம் மறதிநோயின் வேஷத்தில் வரும் என்பதை 1961-இல் லெஸ்லி கிலோ என்ற மனநல மருத்துவர் எழுதியிருக்கிறார். 1979-இல் சார்லஸ் வெல்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாடுகளை எடுத்துக்காட்டினார். மனச்சோர்வுக்காரர் தன் மறதியைப் பற்றி ஓயாமல் புலம்புவார். மறதிநோய்க்காரர் மூடி மறைப்பார், அல்லது அவருக்கே தெரியாது. முன்னவர் “தெரியாது” என்று கைவிடுவார்; பின்னவர் முயன்று, கிட்டத்தட்டச் சரியான ஒரு தப்பைச் சொல்வார். முன்னவர் தன் சின்னத் தவறையும் பெரிதாக்குவார். பின்னவர் சின்ன வெற்றிக்கும் மகிழ்வார். படிக்கப் படிக்க எங்கள் வீட்டுக் கூடத்தையே பார்ப்பது போலிருந்தது.

எனக்குச் சின்ன அளவில் மனச்சோர்வு மாத்திரை தொடங்கினார்கள். நாலு முதல் ஆறு வாரம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் தள்ளும், நடுவில் விட்டுவிடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இந்த மாத்திரையால் சிலருக்குச் சோடியம் இறங்கும் என்பதால் அதையும் இடையில் பார்த்தார்கள். காலை வெயிலில் நடை, பசி இல்லாவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பாடு, தினம் ஒருவரிடம் பேச்சு. குணம் தெரிந்தது ஒரு சண்டையில். கரண்ட் பில் தொகையை மகள் தப்பாகச் சொன்னாள். “அது எப்படி அவ்வளவு வரும்? போன தடவை ரீடிங் என்ன?” என்று எரிந்து விழுந்தேன். அவள் போனிலேயே அழுதாள்; கோபப்படும் அம்மா திரும்பி வந்துவிட்டாளாம். பசி, தூக்கம், பேப்பர், கணக்கு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஞாபக மாத்திரையை அதற்கு முன்பே நிறுத்தியாயிற்று. மனச்சோர்வு மாத்திரையை மட்டும், தேறிய பிறகும் பல மாதம் தொடர வேண்டியிருந்தது.

அக்காவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஞாபகத்தைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி சுருங்கியிருந்தது. அல்சைமர். அவள் பிள்ளைகள் நம்பவில்லை. “நல்லாத்தானே சித்தி பேசறாங்க?” என்றார்கள். அந்தக் கடிகாரப் படத்தைக் காட்டினேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கும் மாத்திரை உண்டு. அது தொல்லையைச் சில காலம் தள்ளிப் போடும், நோயை நிறுத்தாது. ஆனாலும் கண்டுபிடித்ததால் ஆனது நிறைய. அவள் கையெழுத்துப் போடும் நிலையில் இருந்தபோதே பேங்க் கணக்கையும் வீட்டுப் பத்திரத்தையும் ஒழுங்குபடுத்தினோம். காஸைச் சமையல் முடிந்ததும் சிலிண்டரிலேயே அணைக்கப் பழகினோம். கழுத்தில் போன் நம்பர் எழுதிய அட்டை தொங்குகிறது. வேலைக்காரியிடம் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். “பால்காரன் வந்தானா?” என்றால் எத்தனை தடவையானாலும் “வந்தாச்சுக்கா” என்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டும் இரண்டு ஆளிடம் தனித்தனியாக வந்ததால் பிரித்துக் காட்ட முடிந்தது. எல்லா வீட்டிலும் இவ்வளவு தெளிவாக இருக்காது. மறதிநோய் தொடங்கும்போதே மனச்சோர்வும் கூட வருவது சகஜம். தன் புத்தி நழுவுவதை உணரும் மனிதருக்கு மனசு ஒடியத்தானே செய்யும்? அப்போது மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்தால், மறதி போகாவிட்டாலும் ஆள் சாப்பிடுவார், தூங்குவார், சிரிப்பார். இன்னொரு பக்கம், மறதிநோயில் ஒருவிதப் பற்றின்மையும் வரும். எதிலும் ஈடுபாடு இராது, ஆனால் வேதனையும் இராது. வேதனை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதை மனச்சோர்விலிருந்து பிரிக்கும் வழி. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் உண்டு: நேற்றுவரை சரியாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று உளறினால், ஆளை அடையாளம் தெரியாமல் போனால், அது சிறுநீர்த் தொற்றோ, நிமோனியாவோ, புது மருந்தோ உண்டாக்கிய குழப்பமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

எனக்கும் முழு விடுதலை என்று சொல்ல முடியாது. நியூயார்க்கில் அலெக்ஸோபூலோஸ் என்ற மருத்துவர் 1993-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இருக்கிறது. மனச்சோர்வோடு மறதியும் வந்து, வைத்தியத்தில் மறதி நீங்கியவர்களைச் சுமார் மூன்று வருஷம் கவனித்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 43 பேருக்குப் பிற்பாடு நிஜமான மறதிநோய் வந்தது. மறதியில்லாமல் வெறும் மனச்சோர்வு மட்டும் வந்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு. ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போய்வருகிறேன். பயம் இல்லாமலில்லை. ஆனால் இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கிறது என்று 2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அதை நான் திருப்பிப் போட்டும் படித்துக்கொள்வேன்: தொண்ணூற்றிரண்டு பேருக்கு மேல் இல்லை. கிழவி என்றால் மறப்பாள் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுத யாருக்கும் உரிமையில்லை.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கும் நம் ஊரில் வழி உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவை 1978-லேயே தொடங்கிவிட்டார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸின் 14416. இரண்டும் கட்டணமில்லாத எண்கள். நம்பர்களை மனப்பாடம் செய்வது என் பழைய தொழில், ஆனாலும் இவை இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

மகளிடம் சொல்லி வைத்திருப்பது இதுதான்: நான் மறுபடி “மறந்துட்டேன்” என்று சொல்ல ஆரம்பித்தால், சரிம்மா என்று விட்டுவிடாதே. எப்போதிலிருந்து என்று யோசித்துப் பார். சாப்பாடு, தூக்கம், எடை, கோபம் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று கவனி. போனில் கேட்டுத் திருப்திப்படாதே. ஒரு வாரம் வந்து கூட இரு, நான் சமைப்பதைப் பார், கணக்கெழுதுவதைப் பார். நான் சொல்லும் பதில் தப்பா, இல்லை பதிலே சொல்ல மனசில்லாமல் இருக்கிறேனா என்று பார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று வாய்விட்டுக் கேள். கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பயப்படாதே, கேட்டதால்தான் நான் பிழைத்தேன். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திரு. ஒருவேளை நான் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டு, நாக்குதான் சரியில்லை என்று உன்னையே திட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தால், அப்போதும் டாக்டரிடம் கூட்டிப் போ. அன்றைக்கு நான் வரமாட்டேன் என்று அடம்பிடிப்பேன். எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். நம்பாதே.